பேராசிரியர் "1099-இல் போட்டுவிடுங்கள்" என்கிறார், எச்ஆர் கேள்வித்தாள் அனுப்புகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேலை பார்ப்பவர்கள் வழி சொல்லுங்கள்

துறைநிர்வாகி

வணக்கம். இங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் துறை நிர்வாகம் பார்க்கிறேன். முன்பு மாணவர் சேர்க்கைப் பக்கம் இருந்தவள், அதனால் கொள்முதல், ஒப்பந்தம் எல்லாம் எனக்குப் புதிது. எங்கள் பேராசிரியர் ஒருவருக்குப் புதிதாக ஒரு மத்திய அரசு மானியம் வந்திருக்கிறது. வந்த வேகத்தில் நான்கு பெயர்களைக் கையில் கொடுத்துவிட்டார். தரவை அலச ஒரு பையன் (போன பருவத்தில் இங்கேயே முதுகலை முடித்தவன், இப்போது ஓபிடியில், அதாவது படிப்பு முடிந்ததும் மாணவர் வீசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதியில், இருக்கிறான்). திட்டத்துக்கு இணையதளம் கட்ட ஒருவர். அறிக்கைகளைத் திருத்த ஒரு அம்மா, இவர் எங்கள் நூலகத்திலேயே பகுதிநேர ஊழியர். நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதித் தர வெளிநாட்டில் இருக்கும் ஒருவர்.

"எல்லாரையும் 1099-இல் போட்டுவிடுங்கள், எச்ஆர் பக்கம் போனால் மூன்று மாதம் ஆகும்" என்கிறார். நான் பயந்துபோய் எச்ஆரைக் கேட்டேன், அவர்கள் ஒரு நீளமான கேள்வித்தாளை அனுப்பிவிட்டார்கள். வேலை நேரத்தை யார் முடிவு செய்வது, கணினி யாருடையது, அந்த ஆளுக்கு வேறு வாடிக்கையாளர்கள் உண்டா, அவருக்கு நட்டம் வர வாய்ப்பு உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். பாதிக் கேள்விக்கு "சில சமயம்" என்றுதான் எழுத வருகிறது. இதை எப்படி நிரப்புவது?

கணக்குப்பிள்ளை

முதலில் ஒரு விஷயம். 1099-இல் ஆளைப் "போட" முடியாது. அது வருடம் முடிந்ததும், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கும் அந்த ஆளுக்கும் ஜனவரி 31-க்குள் அனுப்பும் தாள். அந்த ஆள் தனி ஒப்பந்தக்காரரா, ஊழியரா என்பது அதற்கு வெகு முன்பே, வேலை நடக்கும் விதத்தில் தீர்மானமாகிவிடும். தாளை மாற்றுவதால் ஆளின் வகை மாறாது. பேராசிரியர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் எங்கள் பிரிவில் பாதி வேலை.

அந்தக் கேள்வித்தாள் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் நிரப்புவது சுலபம். 1987-இல் ஐஆர்எஸ் ஒரு தீர்ப்புரையில் இருபது அம்சங்களைப் பட்டியலிட்டது. இப்போது அவற்றை மூன்று கட்டாகப் பார்க்கிறார்கள். வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது, பணப் பக்கம் யார் கையில் இருக்கிறது (சொந்தச் செலவு, லாப நட்டம், வேறு வாடிக்கையாளர்), இரண்டு தரப்புக்கும் உறவு எப்படிப்பட்டது (எவ்வளவு காலம், சலுகைகள் உண்டா). இதில் கூட்டிக் கழித்து மதிப்பெண் போடும் வேலை இல்லை, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு. "உரிமை" என்ற சொல்லைக் கவனியுங்கள். பேராசிரியர் தினமும் அதட்ட வேண்டும் என்பதில்லை, அதட்டும் உரிமை அவரிடம் இருந்தாலே போதும்.

வீட்டுக்கு மின்வேலை பார்க்க வருபவரிடம் எந்த அறையில் விளக்கு வேண்டும் என்று சொல்வோம், எந்த ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டோம். உங்கள் நான்கு பேரில் யார் அப்படி, யார் அப்படி இல்லை என்று பார்த்தால் "சில சமயம்" எல்லாம் குறைந்துவிடும்.

இணையதளக்காரர் சந்தேகமில்லாமல் ஒப்பந்தக்காரர் போலத் தெரிகிறது. நூலக அம்மா நிச்சயம் இல்லை. பையன் எனக்கு உறுத்துகிறான். அவன் எங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பான், வாரக் கூட்டத்துக்கு வர வேண்டுமா?

துறைநிர்வாகி

ஆய்வகத்தில் அவனுடைய பழைய மேசையே இருக்கிறது. பல்கலைக்கழகக் கணினி, வாரம் இருபத்தைந்து மணி நேரம், பேராசிரியரின் வாரக் கூட்டத்துக்கு வர வேண்டும். மானியம் இருக்கும் வரை வேலை.

கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் அவன் ஊழியர். கேள்வித்தாளைப் பிரிக்கவே வேண்டாம்.

குறுக்குக்கேள்வி

எனக்கு இது அதீதமாகப் படுகிறது. அந்தப் பையனும் படித்தவன், பேராசிரியரும் படித்தவர். "நான் தனி ஒப்பந்தக்காரன், எனக்குச் சலுகைகள் வேண்டாம்" என்று இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மூன்றாமவருக்கு என்ன வந்தது? எச்ஆர் ஆட்கள் தங்கள் வேலையைத் தக்கவைத்துக்கொள்ளத்தான் இத்தனை தாள் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

வழக்குக்கட்டு

இதே வாதத்தை மைக்ரோசாஃப்ட் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டது. 1980-களில் அங்கே ஏராளமான ஆட்கள் ஃப்ரீலான்சர் என்ற பெயரில், ஊழியர்களோடு அதே குழுவில், அதே வேலையைப் பார்த்தார்கள். "நாங்கள் தனி ஒப்பந்தக்காரர்கள், சலுகைகளுக்கு உரிமை இல்லை" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஐஆர்எஸ் தணிக்கைக்கு வந்து, இவர்கள் ஊழியர்கள்தான் என்றது. அதன் பிறகு அந்த ஆட்களே, அப்படியென்றால் ஊழியர்களுக்கான பங்கு வாங்கும் திட்டத்தில் எங்களுக்கும் இடம் உண்டு என்று வழக்குப் போட்டார்கள். விஸ்கைனோ வழக்கு. கடைசியில் 2000-இல் 9.7 கோடி டாலரில் சமரசமானது. கையெழுத்துக்கு நீதிமன்றம் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

மூன்றாமவருக்கு என்ன என்றால், சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியும் அந்த மூன்றாமவருக்குப் போக வேண்டிய பணம். அதில் சம்பளத்தின் 7.65 சதவீதம் வேலை கொடுப்பவரின் பங்கு. இரண்டு பேர் பேசிக்கொண்டு அதை இல்லாமல் ஆக்க முடியாது.

கணக்குப்பிள்ளை

இது எப்படி வெளியே வரும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "யார் வந்து பார்க்கப்போகிறார்கள்" என்பதுதான் எல்லாப் பேராசிரியர்களும் அடுத்துக் கேட்கும் கேள்வி. தணிக்கைக்காரர் வந்து கண்டுபிடிப்பதெல்லாம் அபூர்வம். மானியம் முடிந்ததும் அந்த ஆள் மாநில அலுவலகத்தில் வேலையில்லாக் கால உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பார். கடைசியாக எங்கே வேலை பார்த்தீர்கள் என்ற இடத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதுவார். "இவருக்கு ஏன் சம்பளப் பதிவே இல்லை" என்று மாநிலம் கடிதம் போடும். அவ்வளவுதான், கதை தொடங்கிவிட்டது. இல்லையென்றால் ஏப்ரலில் வரிக் கணக்குப் போடும்போது முழு 15.3 சதவீத சுயதொழில் வரியும் தன் தலையில் விழுவதைப் பார்த்து அதிர்ந்துபோய், எஸ்எஸ்-8 படிவத்தை நிரப்பி, நான் ஊழியரா இல்லையா சொல்லுங்கள் என்று ஐஆர்எஸ்ஸையே கேட்டுவிடுவார். எவரும் கேட்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

எழுத்தாணி

நான் எதிர்ப்பக்கத்து ஆள். பல வருடங்களாக ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்தும் வேலையைத் தனியாகச் செய்கிறேன், வாடிக்கையாளர்களில் பாதி பல்கலைக்கழகங்கள்தான். குறுக்குக்கேள்வி சொல்வதில் ஒரு பாதி நியாயம் உண்டு, இன்னொரு பாதியை அவர் பார்க்கவில்லை.

நியாயமான பாதி: என்னைப் போல நிஜமாகவே தனித்தொழில் செய்பவர்களைக்கூடச் சில இடங்களில் சந்தேகப்பட்டு, "ஆள் வழங்கும் நிறுவனம் வழியாக வாருங்கள்" என்கிறார்கள். அந்த நிறுவனம் தன் பங்கை மேலே வைத்துக்கொள்ளும், வேலை அதேதான். காற்புள்ளி போடுவதற்குப் பத்து லட்சம் டாலர் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். வீட்டில் உட்கார்ந்து வேர்டு கோப்பைத் திருத்துபவர் யார் காலில் எதைப் போடப்போகிறார்? (துறைநிர்வாகி, இந்த நிபந்தனையை உங்கள் இடர்மேலாண்மைப் பிரிவிடம் கேட்டால் மேசை வேலைக்குத் தளர்த்திக் கொடுக்க வாய்ப்பு உண்டு. ஒப்பந்தக்காரரால் நேராகக் கேட்க முடியாது, துறைதான் கேட்க வேண்டும். தயவுசெய்து கேளுங்கள்.)

இன்னொரு பாதி: என் மணிக்கட்டணத்தைப் பார்த்துப் பேராசிரியர்கள் மலைக்கிறார்கள், உதவியாளர் மாணவருக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கிறதே என்று. அதில் இரண்டு பங்கு வரியும் என்னுடையது, மருத்துவக் காப்பீடு என்னுடையது, வேலை இல்லாத வாரங்கள் என்னுடையவை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உத்தேச வரி கட்டுவதும் நான்தான். மாணவருக்குக் கொடுக்கும் கட்டணத்தையே கொடுத்து "ஒப்பந்தக்காரர்" என்று பெயரும் வைத்தால் அந்தப் பையன் ஊழியராக இருப்பதைவிடக் குறைவாகத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவான். அவனுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீசாவிசாரம்

எழுத்தாணி அக்கா சொன்னது அமெரிக்கக் குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும் சரி. ஓபிடி பையனுக்குக் கணக்கே வேறு, இதை யாரும் தொடாததால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஃப்-1 என்னும் மாணவர் வீசாவில் வந்தவர்கள் பெரும்பாலும் முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்கு வரிக் கணக்கில் வெளிநாட்டவர். அவர்கள் டபிள்யூ-9 படிவத்தில் கையெழுத்தே போடக் கூடாது, அது அமெரிக்க நபர் என்று உறுதிமொழி கொடுக்கும் தாள். ஆனால் கொள்முதல் தளத்தில் "புதிய சப்ளையர்" என்று போட்டதும் முதலில் கேட்பதே டபிள்யூ-9தான், பையனும் எண்ணை நிரப்பி அனுப்பிவிடுவான். அங்கே தொடங்கும் சிக்கல். வெளிநாட்டவர் இங்கே உட்கார்ந்து ஒப்பந்தக்காரராக வேலை பார்த்தால், அவருக்குக் கொடுக்கும் பணத்தில் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும், வருட முடிவில் 1099 போகாது, வெளிநாட்டவருக்கான 1042-எஸ் போகும். வரி ஒப்பந்தத்தில் விலக்கு இருந்தால் 8233 படிவம் கொடுத்துக் கேட்கலாம், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. இதே பையனைச் சம்பளப் பட்டியலில் வைத்தால் சாதாரண வருமான வரி விகிதம்தான், அதோடு வெளிநாட்டவராகக் கணக்கிடப்படும் எஃப்-1 மாணவருக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி பிடிக்கத் தேவையில்லை, ஓபிடி காலத்திலும் அப்படித்தான். ஆக, அவனை ஒப்பந்தக்காரனாக்கினால் பல்கலைக்கழகத்துக்கும் லாபமில்லை, அவனுக்கும் மாதாமாதம் கையில் வருவது குறையும்.

இன்னொன்று. முதல் பன்னிரண்டு மாத ஓபிடியில், படித்த துறையில் என்றால் ஒப்பந்த வேலை பார்க்கக் குடியேற்ற விதி இடம் கொடுக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு "அனுமதி உண்டே" என்பார்கள். ஆனால் அடுத்து ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கான) நீட்டிப்புக்குப் போகும்போது ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தில் வேலை கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் ஈ-வெரிஃபையில் (வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசுத் தளம்) பதிவு செய்தவராகவும் இருக்க வேண்டும். நிஜமான முதலாளி-ஊழியர் உறவு அதில் கட்டாயம். மானியம் ஒரு வருடத்தைத் தாண்டும் என்றால் இப்போதே ஊழியராக எடுப்பதுதான் அவனுக்கு நல்லது.

எச்-1பி (முதலாளி மனுப்போட்டு வாங்கும் வேலை வீசா) ஆளை "சனி ஞாயிறு மட்டும்" என்று ஒப்பந்தத்தில் எடுப்பதைப் பற்றி யாராவது யோசித்தால், யோசிக்கவே வேண்டாம். மனுப்போட்ட முதலாளியிடம் மட்டும்தான் அவர் வேலை பார்க்கலாம். எச்-1பி ஆளின் குடும்பத்துக்கான எச்-4 வீசாவில் வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர் தாராளமாகத் தனித்தொழில் செய்யலாம். அட்டை இல்லாத எச்-4 ஆட்களுக்கும், எஃப்-1 மாணவரின் குடும்பத்துக்கான எஃப்-2 ஆட்களுக்கும் இங்கே எந்த வேலையும் கிடையாது.

துறைநிர்வாகி

வீசாவிசாரம், ரொம்ப நன்றி. டபிள்யூ-9 விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. பையனைத் தற்காலிக மணிநேர ஊழியராக எடுக்க முடியுமா என்று எச்ஆரிடம் கேட்டேன். மூன்று மாதமெல்லாம் இல்லையாம், தற்காலிக நியமனத்துக்கு விளம்பரமும் தேர்வுக் குழுவும் தேவையில்லையாம். இதைப் பேராசிரியர் கேட்டதே இல்லை!

கணக்குப்பிள்ளை

பல இடங்களில் அப்படித்தான். முழுநேரப் பதவிக்கு ஆகும் காலத்தை மனதில் வைத்துக்கொண்டு எல்லாரும் ஒப்பந்தத்தின் பக்கம் ஓடுகிறார்கள். ஒப்பந்தம் என்றால் புதிய சப்ளையர் பதிவு, வகைப்பாட்டுக் கேள்வித்தாள், காப்பீடு, சட்டப்பிரிவின் பார்வை, பிஓ (கொள்முதல் ஆணை) என்று ஒவ்வொரு மேசையிலும் நிற்கும். தற்காலிக நியமனம் அதைவிடச் சீக்கிரம் முடியும்.

மானியக்கோப்பு

ஆய்வு மானிய அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் பேச வேண்டுமே என்று வந்தேன். மத்திய அரசுப் பணம் என்றால் மானியச் செலவுக்கான மத்திய விதித்தொகுப்பு, அதாவது யூனிஃபார்ம் கைடன்ஸ் என்னும் 2 சிஎஃப்ஆர் 200 பொருந்தும். அதில் 200.459-ஆம் பிரிவு தொழில்முறைச் சேவைச் செலவுகளைப் பற்றிப் பேசுகிறது. முதல் வரியிலேயே, மானியம் பெறும் நிறுவனத்தின் ஊழியராக இல்லாதவர்கள் என்று இருக்கிறது. உங்கள் நூலக அம்மா அங்கேயே விழுந்துவிடுகிறார். அவருக்குக் கூடுதல் வேலைக்கான பணம் சம்பளப் பட்டியல் வழியாகத்தான் போக வேண்டும். அவர் மணிநேர ஊழியர் என்றால் நூலக மணி நேரமும் இந்த மணி நேரமும் சேர்த்து வாரம் நாற்பதைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம், அது உங்கள் மானியத்தில் வந்து நிற்கும். நூலக மேலாளரிடம் முன்பே பேசிவையுங்கள்.

அதே விதி, இந்த வேலையை நேரடியாக ஆள் எடுத்துச் செய்வது மலிவாக இருக்குமா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் என்ன சேவை, உத்தேசமாக எவ்வளவு நேரம், என்ன கட்டணம், எப்படி முறித்துக்கொள்வது என்பதெல்லாம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். "தேவைப்படும்போது ஆலோசனை வழங்குவார்" என்று ஒரே வரியில் எழுதிய ஒப்பந்தங்களை வாரம் ஒன்று பார்க்கிறேன். எல்லாம் திரும்பிப் போகும்.

பேராசிரியர்கள் செய்யும் இன்னொரு தந்திரம், ஆலோசகரை "சப்அவார்டு" என்று, அதாவது மானியத்தின் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுப்பதாகக் காட்டுவது. மறைமுகச் செலவு விகிதம் (கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்காகப் பல்கலைக்கழகம் மானியத்தில் எடுக்கும் சதவீதம்) சப்அவார்டில் முதல் 50,000 டாலருக்கு மட்டும்தான் (2024 அக்டோபர் திருத்தத்துக்கு முன் 25,000), ஆலோசகர் கட்டணத்துக்கு முழுத் தொகைக்கும். அதனால் பெரிய தொகை என்றால் பெயரை மாற்றிப்பார்க்கத் தோன்றும். 200.331 தெளிவாகச் சொல்கிறது: ஆராய்ச்சியின் ஒரு பகுதிக்குப் பொறுப்பேற்று முடிவுகள் எடுப்பவர் துணைப் பெறுநர், இதே சேவையை நாலு பேருக்கு விற்பவர் ஒப்பந்தக்காரர். இணையதளம் கட்டுபவர் எந்தக் காலத்திலும் துணைப் பெறுநர் ஆக மாட்டார்.

குறுக்குக்கேள்வி

சரி, பையன் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், 30 சதவீதம் எனக்குப் புதுச் செய்தி. ஆனால் என் அடிப்படைக் குறை அப்படியே இருக்கிறது. இவ்வளவு விதிகளால் சின்ன ஆட்கள்தான் வெளியே போகிறார்கள். பெரிய ஆலோசனை நிறுவனம் வந்தால் யாரும் இருபது அம்சம் பார்ப்பதில்லை, நேராக ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கிறார்கள்.

வழக்குக்கட்டு

அது உண்மை, அதற்குக் காரணமும் உண்டு, அந்த நிறுவனத்தின் ஆட்கள் ஏற்கெனவே ஒரு சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள், வரி எங்கோ கட்டப்படுகிறது. காரணம் இருப்பதால் மட்டும் அது நியாயம் ஆகிவிடாது, உங்கள் குறையை நான் மறுக்கவில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் இது இன்னும் இறுகும். கலிஃபோர்னியாவில் 2018 டைனமெக்ஸ் தீர்ப்பும் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஏபி5 சட்டமும் மூன்று நிபந்தனைகள் கொண்ட ஏபிசி சோதனையைக் கொண்டுவந்தன. அதில் இரண்டாவது நிபந்தனை, அந்த வேலை எடுப்பவரின் வழக்கமான தொழிலுக்கு வெளியே இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் வழக்கமான தொழில் பாடம் நடத்துவது. ஆக, பருவம் முழுக்க வகுப்பெடுத்து விடைத்தாள் திருத்துபவரை ஒப்பந்தக்காரர் என்று நிறுவுவது மிகக் கடினம். தொழில்முறைச் சேவைகளுக்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் நிபந்தனை மேல் நிபந்தனை. மாசசூசெட்ஸில் தவறாக வகைப்படுத்தினால் கொடுக்காத சம்பளத்துக்கு மூன்று மடங்கு. துறைநிர்வாகி எந்த மாநிலம் என்று பொதுவில் சொல்ல வேண்டாம், உங்கள் சட்டப்பிரிவிடம் எந்தச் சோதனை பொருந்தும் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

இணையதளக்காரர் பற்றி ஒன்று, இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். காசு கொடுத்தால் பொருள் நம்முடையது என்று நினைப்போம். பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி இல்லை. வாஷிங்டனில் வீடற்றவர்களுக்காக வேலை செய்த ஓர் அமைப்பு, ரீட் என்ற சிற்பியிடம் ஒரு சிலை செய்யச் சொன்னது. யோசனை அமைப்புடையது, பணமும் அவர்களுடையது. சிலை முடிந்ததும் உரிமை யாருக்கு என்று சண்டை. 1989-இல் உச்ச நீதிமன்றம், ரீட் சொந்தக் கருவியோடு சொந்தப் பட்டறையில் வேலை பார்த்த தனி ஒப்பந்தக்காரர், அதனால் இது ஊழியர் செய்த வேலைக்கான விதியில் வராது என்றது. நிரல் எழுதுபவருக்கும் இதே தர்க்கம். "வேலைக்காகச் செய்யப்பட்ட படைப்பு" என்று ஒப்பந்தத்தில் எழுதினால் போதும் என்பார்கள், அது சட்டத்தில் உள்ள ஒன்பது வகைகளுக்குத்தான் செல்லும், மென்பொருள் பெரும்பாலும் அதில் அடங்காது. "உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றித் தருகிறேன்" என்ற வாக்கியம் தனியாக, கையெழுத்தோடு வேண்டும்.

எழுத்தாணி

அந்த வாக்கியத்தோடு "முழுப் பணமும் வந்து சேர்ந்த பிறகு" என்பதையும் சேர்ப்பது என் வழக்கம். முதலில் முறைப்பார்கள், பிறகு ஒத்துக்கொள்வார்கள்.

மானியக்கோப்பு

இணையதளத்துக்கு இன்னொரு நிபந்தனையும் எழுதுங்கள். மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் 2024 ஏப்ரலில் மத்திய நீதித்துறை வெளியிட்ட, மாற்றுத்திறனாளிகளும் இணையதளத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல் விதி உங்களுக்குப் பொருந்தும், டபிள்யூசிஏஜி 2.1 ஏஏ தரம். கட்டிமுடித்த பிறகு சரிசெய்யச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார், கேட்பதும் நியாயமே.

துறைநிர்வாகி

வெளிநாட்டில் இருந்து ஒலிப்பதிவை எழுதித் தருபவர்? அவருக்கும் 30 சதவீதமா?

வீசாவிசாரம்

இல்லை. சேவைக்கான வருமானம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பது வேலை எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்தது. அவர் முழுக்கத் தன் நாட்டில் உட்கார்ந்து செய்தால் அது அமெரிக்க வருமானம் இல்லை, இங்கே பிடித்தமும் இல்லை. வெளிநாட்டவர் என்று உறுதி சொல்லும் டபிள்யூ-8பென் படிவமும், வேலை முழுக்க வெளியே நடக்கிறது என்ற எழுத்துக் குறிப்பும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். நடுவில் இங்கே வந்து பத்து நாள் வேலை பார்த்தால் அந்தப் பகுதிக்குக் கதை மாறும்.

வரியைவிட எனக்கு வேறு கவலை. அந்த நேர்காணல் கொடுத்தவர்கள் எதற்குச் சம்மதித்திருக்கிறார்கள்? ஆய்வு நெறிக்குழுவுக்குக் கொடுத்த திட்டத்தில், பதிவுகளை ஆய்வுக்குழு மட்டுமே கேட்கும் என்று எழுதியிருந்தால் வெளி ஆள் கேட்கக் கூடாது. திருத்தம் போட்டு அனுமதி வாங்கிய பிறகுதான் கோப்பை அனுப்பலாம். பேராசிரியர் ஏற்கெனவே மாதிரிக்கு ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் இப்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

பட்டறைப்பாண்டி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எங்கள் துறையில் ஒருவரை அழைத்து ஒரு நாள் பட்டறை நடத்தச் சொல்கிறோம். அதற்கும் இவ்வளவு கூத்தா?

கணக்குப்பிள்ளை

ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போகிறவருக்கு மதிப்பூதியம், பெரும்பாலான இடங்களில் ஒரு சின்னப் படிவத்தோடு முடியும். அவருக்கும் வரிப்படிவம் வாங்க வேண்டும், வருடக் கணக்கில் வரம்பைத் தாண்டினால் 1099-என்இசி போகும். அந்த வரம்பு ரொம்பக் காலமாக 600 டாலராக இருந்தது, 2026 முதல் கொடுக்கும் பணத்துக்கு 2,000. தாள் வராவிட்டாலும் அவர் வருமானத்தைக் காட்டியாக வேண்டும், அது வேறு. வெளிநாட்டிலிருந்து பி-1 என்னும் குறுகிய காலத் தொழில்முறை வருகை வீசாவில் வருபவர் என்றால் ஒரு நிறுவனத்தில் ஒன்பது நாளுக்கு மேல் கூடாது, முந்தைய ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு மேல் மதிப்பூதியம் வாங்கியிருக்கக் கூடாது.

அந்த ஒரு நாள் பட்டறை மெல்ல வாராவாரம் ஆகி, வருகைப்பதிவு எடுத்து, மதிப்பெண்ணும் போடத் தொடங்கினால் மதிப்பூதியம் என்ற பெயர் நிற்காது.

எழுத்தாணி

துறைநிர்வாகி, கடைசியாக எங்கள் தரப்பில் ஒரே ஒரு வேண்டுகோள். பிஓ திறப்பதற்கு முன் யாரையும் வேலை தொடங்கச் சொல்லாதீர்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அவசரம் என்றார், நானும் அறிக்கையை முடித்துக் கொடுத்தேன், அப்புறம்தான் பிஓவே இல்லை என்று தெரிந்தது. பேராசிரியருக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை, ஆகவே உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தமே இல்லை என்று கணக்குப்பிரிவு பதில் போட்டது. பணம் வந்தது, ஆனால் பருவமே மாறிவிட்டது. நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் ஃப்ரீலான்சருக்கு முப்பது நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் நியூயார்க் சட்டத்தில் அரசு அமைப்புகளுக்கு விலக்கு. உங்களைப் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு இருக்கும் முக்கியப் பாதுகாப்பு நீங்கள் முன்கூட்டித் திறக்கும் அந்த பிஓதான்.

துறைநிர்வாகி

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு நிலவரம்: பையன் தற்காலிக மணிநேர ஊழியர், தாள்கள் நகர்கின்றன. நூலக அம்மாவுக்குக் கூடுதல் பணிச் சம்பளம், அவருடைய மேலாளர் வாரத்துக்கு எட்டு மணி நேரம் வரை சரி என்றார். இணையதளக்காரருக்கு ஒப்பந்தம், உரிமை மாற்ற வாக்கியத்தோடு சட்டப்பிரிவில் இருக்கிறது. காப்பீட்டைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒலிப்பதிவு வேலை நெறிக்குழுத் திருத்தத்துக்குக் காத்திருக்கிறது, பேராசிரியர் மாதிரிக் கோப்பு எதையும் அனுப்பவில்லையாம், நல்லவேளை.

இன்று காலை ஐந்தாவதாக ஒரு பெயரைக் கொண்டுவந்தார். திட்டத்துக்கு இலச்சினையும் துண்டறிக்கையும் செய்ய ஒரு வடிவமைப்பு நிறுவனம். சொந்த நிறுவனம், சொந்தக் கருவி, நிறைய வாடிக்கையாளர்கள், நீங்கள் சொன்ன எல்லாம் பொருந்துகிறது. பேராசிரியரின் மனைவி நடத்துகிறார்.

மானியக்கோப்பு

இருபது அம்சத்தை மூடிவைத்துவிட்டு 200.318-ஐத் திறங்கள். நலன் முரண் இருப்பவர் தேர்விலும் ஒப்பந்தம் கொடுப்பதிலும் நிர்வாகத்திலும் பங்கெடுக்கக் கூடாது, மனைவி நேரடியாகவே அந்தப் பட்டியலில் இருக்கிறார். பேராசிரியர் முதலில் நலன் முரண் அறிவிப்பை எழுத்தில் கொடுக்கட்டும். விலைப்புள்ளி கேட்பதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு வேறு ஆள் முடிவு செய்யட்டும், நீங்களும் அவரிடம் வேலை பார்ப்பவர் என்பதால் அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டாம்.